அழவும் ஒரு சாமி வேண்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு வராது. தீர்மான நோட்டு எழுதத் தெரியும், ரொக்கப் புத்தகம் போடத் தெரியும், பேங்க்கில் போய் உட்கார்ந்தால் காரியம் முடியாமல் எழுந்திருக்காமல் இருக்கத் தெரியும். அவ்வளவுதான். செயலாளர் அக்கா ஒரு வாரம் முன்னால் கூப்பிட்டு, "துன்பத்தில் தெய்வ நம்பிக்கைன்னு ஒரு தலைப்பு. நீ சுனாமியைப் பார்த்தவ, பத்து நிமிஷம் பேசு" என்றார். நான், "பேசுறேன்க்கா. ஆனா அழுகையைப் பத்தித்தான் பேசுவேன். அதை விட்டுட்டு நம்பிக்கையைப் பத்திப் பேச எனக்குத் தெரியாது" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, ரொம்ப அழ வச்சிடாதே, உனக்கு அடுத்து கோலாட்டம் இருக்கு" என்றார்.

அதனால் கோலாட்டப் பிள்ளைகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளணும்.

எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமம். எங்கள் குழு 2000ஆம் வருஷம் ஆரம்பித்தது, பதினாறு பேர். மாசம் ஐம்பது ரூபாய் சேமிப்பு. நான் அப்போது பிரதிநிதி. ஊக்குநராக இருந்தவர் என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், கருவாட்டு வியாபாரம் பண்ணுகிறவர். குழுவின் நோட்டு, பாஸ்புக் எல்லாம் அவர் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் நல்ல கூட்டம். சுமத்ரா தீவுப் பக்கம் விடிகாலையிலேயே கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்திருக்கிறது. எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஒன்பது மணி வாக்கில் நான் மீன் ஏலம் எடுத்து, கூடையில் ஐஸ் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்காக ரோட்டில் நிற்கிறேன். கடற்கரையிலிருந்து ஜனங்கள் ஓடி வருகிறார்கள். ஏதோ அடிதடி என்றுதான் நினைத்தேன். அப்புறம் அவர்கள் பின்னால் கறுப்பாகத் தண்ணீர் வந்தது. வேறு எதுவும் எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை.

என் மாமியார் போனார். என் மகள் போனாள். ஏழு வயசு. என் பையன் அன்றைக்கு அவன் தாத்தா வீட்டில் இருந்ததால் பிழைத்தான். அவர் கரைக்கு வந்து வலை காய வைத்துக்கொண்டிருந்தவர், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார்.

எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பேப்பரில் வந்தது, உங்களுக்கும் தெரியும். பேப்பரில் வராத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒப்பாரி நடக்கவில்லை.

ஒரு வீட்டில் சாவு என்றால் என்ன செய்வோம்? பக்கத்துத் தெருப் பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். வாசலிலேயே குரல் கொடுப்பார்கள். செத்தவரின் பெண்டாட்டியையோ தாயையோ கட்டிப் பிடித்து, வட்டமாக உட்கார்ந்து, மாரில் அடித்து அழுவார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் கூடச் சேருவார்கள். வீடு நிறைய சத்தம் இருக்கும். அந்தச் சத்தத்துக்குள்ளே உட்கார்ந்திருப்பவளுக்கு, இந்தப் பாரம் என் ஒருத்தி தலையில் மட்டும் இல்லை என்று தெரியும். அன்றைக்கோ எல்லா வீட்டிலும் சாவு. யார் வீட்டுக்கு யார் போவது? என் பெண்ணைப் பெரிய குழியில் மற்றவர்களோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். நான் முகம் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து என் நாத்தனார் வந்து, "பச்சைப் பாவாடைதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் என் பெண்ணின் சாவு.

அதற்குப் பிறகு எனக்கு அழுகை வரவில்லை. நான் தைரியமாக இருக்கிறேன் என்று ஊரே பேசியது. உண்மை என்னவென்றால் உள்ளே கட்டிபோல் எதுவோ நின்றுவிட்டது, சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. முகாமுக்கு நிறைய நல்லவர்கள் வந்தார்கள், அரிசி கொடுத்தார்கள், பாய் கொடுத்தார்கள். உயிருக்கு இரண்டு லட்சம் என்று அரசாங்கம் கொடுத்தது. அவர்கள் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் பேச வந்தவர்களில் பாதிப் பேர் சொன்னது ஒன்றுதான்: அழாதீங்கம்மா. எல்லாம் கடவுள் சித்தம். ஒருத்தர், காரணமில்லாமல் கடவுள் எதையும் செய்ய மாட்டார் என்றார். இன்னொருத்தர் இன்னும் மேலே போய், கடற்கரையில் பாவம் பெருகிவிட்டது என்றார். ஏழு வயசுப் பிள்ளை என்ன பாவம் பண்ணியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால், நம்பிக்கை இல்லாதவள் என்று ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

மாசி மாசம் வாக்கில், தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்பில் குழுக் கூட்டம் வைக்கச் சொன்னார்கள். அந்த ஷெட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், மத்தியானம் உள்ளே உட்கார்ந்தால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தகரப் பெட்டியோடு நோட்டு எல்லாம் கடலோடு போய்விட்டது. ஊக்குநரும் போய்விட்டார். புது நோட்டு ஒன்று வாங்கி, ஞாபகத்திலிருந்து பதினாறு பேரையும் பழைய வரிசைப்படி எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான், இதில் நாலு பேர் இல்லையே என்று உறைத்தது. அடிக்க மனசு வரவில்லை. அப்படியே வருகை வாசித்தேன்.

முதல் பேரே ஊக்குநர் பேர்தான். வாசித்தேன். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த பேருக்கும் போக முடியவில்லை. ஷெட்டுக்குள் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அப்போது எங்கள் குழுவிலேயே வயசான பெரியாத்தா, அவருக்கு அப்போதே அறுபது இருக்கும், இரண்டு பேரன்களைப் பறிகொடுத்தவர், தலையை அவிழ்த்துப் போட்டார். குரலெடுத்தார்.

முதலில் பேரன்களைச் சொல்லித்தான் அழுதார். அப்புறம் அழுகை எங்கள் மாரியம்மன் பக்கம் திரும்பியது. ஆடி மாசம் ஊற்றின கூழைக் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாயா என்று கேட்டார். உனக்கு வருஷா வருஷம் பட்டு எடுத்தோமே, என் பிள்ளைகளுக்குக் கோடித் துணி போட விட்டாயா என்று கேட்டார். கண்ணு ஆயிரம் உடையவள் என்கிறார்களே, அதில் ஒரு கண்ணுகூட அன்றைக்குத் திறக்கவில்லையா என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கியது. அம்மனை இப்படிப் பேசலாமா, இன்னும் என்ன வருமோ என்று பயம். ஆனால் பக்கத்தில் இருந்தவள் பெரியாத்தா தோளைப் பிடித்தாள், அவள் தோளை இன்னொருத்தி பிடித்தாள், நானும் போய்ச் சேர்ந்தேன். இரண்டு மாசமாக நின்ற கட்டி உடைந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அன்றைக்குத் தீர்மானம் எதுவும் எழுதவில்லை. அந்தப் பக்கம் இன்றைக்கும் வெற்றாகத்தான் இருக்கிறது. தணிக்கைக்கு வந்த சார் ஒருமுறை ஏன் என்று கேட்டார். "அன்னைக்குக் கூட்டம் நடந்துச்சு சார், எழுத முடியல" என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் நான் தண்ணீர் பிடிக்கப் போகிறேன். சுவர் இடிந்து கிடந்த மாரியம்மன் கோயில் வாசலை ஒரு ஆள் குனிந்து பெருக்குகிறது. பார்த்தால் பெரியாத்தா! சேற்றை வழித்துத் தள்ளிவிட்டுத் தண்ணீர் தெளிக்கிறார். எனக்கு ஆச்சரியம். "என்ன ஆத்தா, நேத்து அந்தத் திட்டு திட்டினீங்க?" என்றேன். அவர் நிமிரவே இல்லை. "வேற யாருகிட்டடி போய்ச் சண்டை போடுவேன்? கடல்கிட்டச் சொன்னா அதுக்குக் காது இருக்கா? கலெக்டர்கிட்டச் சொன்னா என் பேரனைத் தருவாரா? கேக்குறதுக்கு எனக்கு இவ ஒருத்திதான் இருக்கா. இன்னும் பதில் சொல்லல. சொல்ற வரைக்கும் விடமாட்டேன்" என்றார்.

எனக்கு யாரும் அதுவரை சொல்லித் தராத ஒன்றை அந்த விளக்குமாற்றுக்காரி சொன்னார். காதே கேட்காது என்று நினைக்கிறவரிடம் யாராவது சண்டைக்குப் போவார்களா?

பிற்பாடு கூட்டமைப்புப் பயிற்சிகளுக்கு வர ஆரம்பித்தேன். நம்மில் எல்லாச் சாமியும் கும்பிடுகிறவர்கள் இருக்கிறோம். இரவு தங்கும் பயிற்சி என்றால், பயிற்சியைவிட ராத்திரிப் பேச்சில்தான் நான் அதிகம் கற்றேன். பயிற்சி கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வேளாங்கண்ணிப் பக்கத்து அக்கா ஒருத்தர், எங்கள் வேதத்தில் புலம்பல் என்றே ஒரு புத்தகம் இருக்கிறது, ஐந்து அதிகாரம், எருசலேம் பட்டணம் அழிந்துபோனதற்காக அழுவது என்றார். சங்கீதம் நூற்றைம்பதில் எத்தனையோ சங்கீதங்கள் புலம்பல்தானாம். எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பாய் என்று ஆண்டவரையே கேட்கிறதாம். பெரும்பாலும் அழுது முடித்து, கடைசியில் உன்னை நம்பியிருக்கிறேன் என்று வந்து நிற்குமாம். ஆனால் 88ஆம் சங்கீதம் மட்டும் இருட்டிலேயே முடிந்துவிடுகிறதாம். "அதையும் கிழிச்சுப் போடாம வேதத்துல வச்சிருக்காங்க பாரு" என்றார் அந்த அக்கா. அதை நான் மறக்கவே இல்லை.

யோபு கதையும் அவர்தான் சொன்னார். சொத்தும் பிள்ளைகளும் ஒரே நாளில் போய், உடம்பெல்லாம் புண்ணாகி உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பார்க்க மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். ஏழு நாள், ஏழு ராத்திரி ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை சரி. அப்புறம் வாயைத் திறந்தார்கள். நீ ஏதோ தப்புப் பண்ணியிருப்பாய், அதுதான் தண்டனை என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். யோபு சும்மா இருக்கவில்லை, ஆண்டவரிடமே நியாயம் கேட்டார். கடைசியில் ஆண்டவர் யார் மேல் கோபப்பட்டார் தெரியுமா? நியாயம் கேட்டவர் மேல் இல்லை, தனக்காக வக்காலத்து வாங்கிய அந்தச் சிநேகிதர்கள் மேல். முகாமில் எங்களிடம் பாவக் கணக்குச் சொன்னவரை நினைத்துக்கொண்டேன்.

நாகூரிலிருந்து வந்த அம்மா ஒருத்தர், "எங்க மார்க்கத்துல மாரடிச்சுச் சத்தம் போட்டு அழக்கூடாது, ஆனா கண்ணீருக்குத் தடையில்ல" என்றார். யாகூப் நபி, மகன் யூசுப் காணாமல் போன துக்கத்தில் அழுது அழுது கண் வெளுத்துப் போனவராம். எவ்வளவு நாளைக்கு இதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று சொந்தப் பிள்ளைகளே கேட்டார்களாம். என் துக்கத்தை நான் அல்லாஹ்விடம்தானே முறையிடுகிறேன் என்றாராம் அவர். அழுததும் அவர்தான், மகன் திரும்ப வருவான் என்று நம்பினதும் அவர்தான்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த திருவாரூர்ப் பக்கத்து டீச்சரம்மா சிரித்தார். "எங்க ஊர்க்காரர் ஒருத்தர் இருக்கார், சுந்தரர்" என்று ஆரம்பித்தார். சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பினார், இரண்டு கண்ணும் போய்விட்டது. தப்பு அவர் பேரில்தான், அதில் சந்தேகம் இல்லை. (ஆம்பிளைங்க சத்தியம் என்று பின்னாலிருந்து ஒரு அக்கா சொன்னது எனக்குக் கேட்கிறது. அதை இன்னொரு நாள் பேசுவோம்.) கண் தெரியாமல் தட்டுத் தடுமாறி, திருவெண்பாக்கம் என்கிற ஊரில் சாமியிடம் கேட்டால் சாமி ஒரு ஊன்றுகோலைக் கொடுத்தது. கண்ணைக் கேட்டவனுக்குக் கம்பு! காஞ்சிபுரத்தில் ஒரு கண் வந்தது. மீதிக் கண் திருவாரூரில்தான் வந்தது. சிநேகிதனைத் திட்டுகிற மாதிரி சாமியைத் திட்டிப் பாடியிருக்கிறாராம், நீ நல்லா இரு போ என்கிற அளவுக்கு. அதையெல்லாம் தேவாரத்தில் சேர்த்து இன்றைக்கும் கோயிலில் பாடுகிறார்கள்.

நான் அந்த ராத்திரி தூங்காமல் யோசித்துப் பார்த்தேன். திட்டிக்கொண்டேதான் நடந்தார் மனுஷர். ஆனால் எந்தப் பக்கம் நடந்தார்? திருவாரூர்ப் பக்கம்தான் நடந்தார். கோபித்துக்கொண்டு வேறு திசையில் போகவில்லை. எங்கள் பெரியாத்தா விளக்குமாற்றோடு கோயில் வாசலுக்குப் போனது மாதிரிதான்.

இதனால் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். சாமியை நம்பினதால் இது கிடைத்தது என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. கொஞ்ச காலம் மீனே விற்கவில்லை. கடலில் பிணம் மிதந்தது என்று ஜனங்கள் மீன் வாங்கப் பயந்தார்கள். இரண்டு பிள்ளையோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள் நான். சுனாமியில் பிள்ளையை இழந்த தாய்மாருக்கு மறுபடி குழந்தை பெறுவதற்கு அரசாங்கம் இலவசமாக ஆப்பரேஷன் செய்து கொடுத்தது. எங்கள் குழுவில் இரண்டு பேர் செய்துகொண்டோம். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எனக்குக் கைகூடவில்லை. அவள் பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்றைக்கு நான் போய்விட்டு வந்து, இருட்டின பிறகு கடற்கரையில் உட்கார்ந்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அம்மனையும் திட்டினேன், கடலம்மாவையும் திட்டினேன். யாரும் பதில் சொல்லவில்லை. காலையில் எழுந்து விளக்கேற்றினேன். இரண்டும் நான்தான் செய்தேன். இதில் எது நம்பிக்கை என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பேச்சாக இருந்திருக்கும், எனக்கும் கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் நான் மேடை ஏறினது வேறு ஒன்றைச் சொல்ல.

போன ஐப்பசியில் எங்கள் குழுவில் ஒரு தங்கச்சியின் வீட்டுக்காரர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் போனபோது அடிபட்டு இறந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகள். தையல் மெஷினுக்குக் கடன் வாங்கியிருந்தாள். கருமாதி முடிந்து அடுத்த கூட்டத்துக்கு வந்தவள், ஒரு ஓரமாக உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "எனக்கு ஏன் இப்படி? நான் கும்பிடாத சாமியா?" என்றாள். அன்றைக்கு பேங்க்குக்கு எழுத வேண்டிய பேப்பர் நிறைய. மழை வேறு வருகிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போனவரு வரமாட்டாரும்மா. சாமி மேல பாரத்தைப் போட்டுட்டு வேலையைப் பாரு. ரெண்டு தவணை நிலுவை நிக்குது."

என் வாய்தான் சொன்னது. பச்சைப் பாவாடைதானே என்று கேட்கப்பட்டவள் வாய். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அடுத்த இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. வருகை வாசித்தேன், அவள் பேருக்குப் பதில் இல்லை. உயிரோடு இருக்கிறவள் பேருக்குப் பதில் இல்லை. அப்போதுதான் எனக்கு அந்தத் தார் ஷீட் ஷெட் ஞாபகம் வந்தது. ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது.

அவள் வீட்டுக்குப் போனேன். சாமி மாடத்தில் விளக்கில்லை. அம்மன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். "திருப்பி வைக்கச் சொல்லத்தான் வந்தீங்களாக்கா?" என்றாள். இல்லை என்றேன். "நான் சொன்னது தப்பும்மா" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் செய்தார்களே, நான் ஒரு சாயங்காலம் செய்தேன். அப்புறம் வாரம் ஒருதரம் போகிறேன். சில நாள் அழுவாள், சில நாள் திட்டுவாள், சில நாள் இருவரும் சும்மா பூக்கட்டுவோம். கூட்டத்துக்கு அவள் இன்னும் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. படமும் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கிறது. போன வாரம் போனபோது அந்தப் படத்தின் முதுகில் தூசி இல்லை. "துடைச்சியா?" என்றேன். "ஒட்டடை அடிச்சேன், கூடவே துடைச்சேன்" என்றாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

தலைவி அவர்களே, எனக்குத் தெரிந்தது தீர்மானம் எழுதுவது. ஒன்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பேங்க் சார் முகத்தைப் பார்க்காமலே வாசித்துவிடுகிறேன்.

"நமது கூட்டமைப்பைச் சேர்ந்த எந்தக் குழு உறுப்பினர் வீட்டிலாவது சாவு நேர்ந்தால், மூன்று மாத காலத்துக்கு அவரிடம் தவணை கேட்பதில்லை என்றும், அந்தத் தவணைகளைக் குழுவின் பொது நிதியிலிருந்து கட்டிவிட்டு, பிற்பாடு வட்டியில்லாமல் அவரிடமிருந்து பெற்றுக்கொள்வது என்றும், அடுத்து வரும் குழுக் கூட்டத்தை அவருடைய வீட்டிலேயே நடத்துவது என்றும், அந்தக் கூட்டத்தில் அவர் அழுதாலும், சாமியைத் திட்டினாலும், பேசாமல் இருந்தாலும் யாரும் புத்தி சொல்வதில்லை என்றும், அன்றைய தீர்மான நோட்டின் பக்கத்தை வெற்றாக விடுவது என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது."

ஒருமனதாக என்று நானே முன்கூட்டி எழுதிவிட்டேன், கைப்பழக்கம். முன்மொழிவது நான். வழிமொழிய ஒருத்தர் வேண்டும்.